ரிக்வெஸ்ட்ஸோடு நான்கு வருடம்: தரவுக்குள் இருக்கும் லிங்குகளின் பின்னே

பைத்தான் நிரல்மொழியின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை ஓர் இணைய முகவரியைக் கொடுத்துப் பதிலை வாங்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். என் வேலை அங்கே முடிவதில்லை. வந்த பதிலுக்குள் லிங்கைத் தேடி, அதைப் பிடித்து அடுத்த பதிலுக்குப் போக வேண்டும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. நான்கு வருடமாக இரவுதோறும் இந்த ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஏழெட்டு ஏபிஐகள் (நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் சர்வர் வாசல்கள்), ஒவ்வொன்றும் லிங்கை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கும்.

முதலில் மனதைக் கவர்ந்தது பதிலோடு வரும் 'லிங்க்ஸ்' என்ற பண்பு. பக்கம் பக்கமாகத் தரவு தரும் பல ஏபிஐகள், அடுத்த பக்கத்தின் முகவரியை 'லிங்க்' ஹெட்டரில் (பதிலின் தலைப்பில் வரும் குறிப்பு வரி) எழுதி அனுப்பும். 2010-ல் ஆர்எஃப்சி 5988 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறை ஆவணம்), பிறகு 2017-ல் ஆர்எஃப்சி 8288 என்று இதற்கு முறையான வரையறை இருக்கிறது. ரிக்வெஸ்ட்ஸ் அதைப் பிரித்து ஒரு டிக்‌ஷனரியாகக் கையில் கொடுத்துவிடும், 'நெக்ஸ்ட்' போன்ற உறவின் பெயரே அதில் சாவி. 'நெக்ஸ்ட்' இருக்கும் வரை சுற்று, இல்லையென்றால் நில். பக்க எண்ணைக் கூட்டிக் கூட்டிக் கேட்கும் பழைய கோடை முதல் வாரமே தூக்கிப் போட்டேன்.

ஓட்டை தெரிய ஆறு மாதம் ஆனது. ஒரு ஏபிஐயின் கடைசிப் பக்கம் மட்டும் என்னிடம் வந்து சேரவே இல்லை. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் நிற்கும்போது, அடுத்த பக்கமும் கடைசிப் பக்கமும் ஒன்றுதானே? அந்த சர்வர் ஒரே லிங்கில் 'நெக்ஸ்ட் லாஸ்ட்' என்று இரண்டு உறவையும் சேர்த்து எழுதியிருந்தது. விதிப்படி அது சரி. ரிக்வெஸ்ட்ஸ் அதைப் பிரிக்காமல் முழுதாக ஒரே சாவியாக வைத்துக்கொள்கிறது. என் லூப் 'நெக்ஸ்ட்' எங்கே என்று பார்த்து, காணவில்லை என்று நின்றுவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் கிடையாது, அதுதான் எரிச்சல். அதே உறவில் இரண்டு லிங்குகள் வந்தால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும் என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். இப்போது ஹெட்டரைப் பிரிக்கும் உள் ஃபங்ஷனை மட்டும் எடுத்துக்கொண்டு, உறவுகளை நானே பிரிக்கிறேன்.

சார்பு முகவரிகளையும் (ஹோஸ்ட் இல்லாமல் பாதி மட்டும் எழுதிய முகவரிகள்) ரிக்வெஸ்ட்ஸ் முழுமையாக்கித் தராது. பைத்தானோடு வரும் யூஆர்எல்ஜாயினைத்தான் கூப்பிட வேண்டும். 'அ/ஆ/இ' என்ற முகவரியில் நின்று 'ஈ'யைச் சேர்த்தால் 'அ/ஆ/ஈ' கிடைக்கும். கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால்தான் 'அ/ஆ/இ/ஈ'. அடிப்படையாக எடுக்க வேண்டியதும் நாம் கேட்ட முகவரியை அல்ல, ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுதல்) எல்லாம் முடிந்து பதில் உண்மையில் வந்த முகவரியை.

ஜேசனுக்குள் (பல ஏபிஐகள் தரவை அனுப்பும் உரை வடிவம்) வந்தால் நிலைமை வேறு. ஜேசனில் லிங்க் என்று தனி வகையே கிடையாது, லிங்கும் வெறும் ஸ்ட்ரிங்தான். அதில் லிங்கை எழுத ஹால், ஜேசன்ஏபிஐ என்று சில மரபுகள் உண்டு. ஹால் வடிவத்தில் ஓர் உறவுக்குக் கீழே ஒரு லிங்கும் இருக்கலாம், ஒரு பட்டியலும் இருக்கலாம். ஜேசன்ஏபிஐயில் அதே இடத்தில் ஸ்ட்ரிங்கோ ஆப்ஜெக்டோ வரும். ஹாலில் 'டெம்ப்ளேட்டட்' என்று குறித்திருந்தால் அது இன்னும் முகவரியே ஆகவில்லை, ஆர்எஃப்சி 6570 சொல்கிறபடி அடைப்புக்குறிகளை நிரப்ப வேண்டும். நான் அப்படியே அனுப்பி 404 ('அந்தப் பக்கம் இல்லை') வாங்கியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் சோம்பேறித்தனமாக, 'எச்டிடிபி' என்று தொடங்கும் எதையும் லிங்க் என்று எடுத்தேன். உரிமப் பக்கங்கள், ஸ்கீமா அடையாளங்கள் எல்லாம் வலையில் விழுந்தன. அவற்றில் பல வெறும் பெயர்கள், போய்த் தட்ட வேண்டிய கதவுகள் அல்ல. இப்படி மென்பொருள்கள் டிடிடி கோப்புகளை (ஆவணங்களின் அமைப்பை வரையறுப்பவை) ஓயாமல் கேட்டதில் ஒரு நாளைக்கு 13 கோடி கோரிக்கைகள் வரை வருகின்றன என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2008-ல் புலம்பியது. இப்போது எந்தச் சாவிக்குக் கீழே பார்ப்பது என்று ஒவ்வோர் ஏபிஐக்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். எக்ஸ்எம்எல் வடிவத் தரவுக்கு எல்எக்ஸ்எம்எல் லைப்ரரி போதும்; எக்ஸ்எம்எல்லில் எழுதும் ஆட்டம் ஃபீடில் 'ரெல்' (உறவு) இல்லாத லிங்கை 'ஆல்டர்னேட்' என்று கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பயமுறுத்தியது டோக்கன், அதாவது நான் யார் என்று சர்வருக்குக் காட்டும் ரகசிய அடையாளம். ரீடைரக்ட் வேறு ஹோஸ்டுக்குப் போனால் ரிக்வெஸ்ட்ஸ் டோக்கன் இருக்கும் ஆத்தரைசேஷன் ஹெட்டரைக் கழற்றிவிடும். ஆனால் தரவில் கிடைத்த லிங்கை நான் கூப்பிடுவது அதற்குப் புதுக் கோரிக்கை. செஷனில் (எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவான அமைப்புகளை ரிக்வெஸ்ட்ஸ் வைத்திருக்கும் இடம்) போட்டு வைத்த டோக்கன், லிங்க் காட்டிய அந்நிய ஹோஸ்டுக்கும் கூடவே போய்க்கொண்டிருந்தது. ஒரு கோப்புச் சேமிப்பகம் 400 (தவறான கோரிக்கை) சொல்லி மறுத்ததால்தான் தெரிந்தது, இல்லையென்றால் இன்றும் போய்க்கொண்டிருக்கும். அன்றே செஷனை இரண்டாக்கினேன்: சொந்த ஹோஸ்டுக்கு டோக்கனோடு ஒன்று, மற்றவற்றுக்கு வெறும் கை.

அப்புறம், டைம்அவுட் (காத்திருக்கும் கால வரம்பு) நாமே கொடுக்காவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் காலவரையில்லாமல் காத்திருக்கும். ஓர் இரவு முழுக்க ஸ்கிரிப்ட் அப்படியே நின்றிருந்தது.

நடுவில் ஹாலுக்கென்றே எழுதிய ஒரு கிளையண்டைச் சில வாரம் முயன்றேன். சர்வர் ஒழுங்காக இருக்கும் என்று நம்பி எழுதியது, என் சர்வர்கள் அப்படி இல்லை. திரும்ப ரிக்வெஸ்ட்ஸுக்கே வந்துவிட்டேன். ரீடைரக்டுக்கு 30 என்று அதனிடம் ஒரு வரம்பு உண்டு. லிங்குகளின் சங்கிலிக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் போய் வந்த முகவரிகளை, '#'க்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, ஒரு செட்டில் சேர்க்கிறேன், அதில் ஏற்கெனவே இருக்கும் முகவரிக்குத் திரும்பப் போவதில்லை. போன மாதம் ஓர் ஏபிஐ கடைசிப் பக்கத்தின் 'நெக்ஸ்ட்' லிங்கில் அதே பக்கத்தையே கொடுக்கத் தொடங்கியது. செட் பிடித்துக்கொண்டது, நான் காலையில் லாக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.