ஸ்லீவா, பைபாஸா: எடை குறைக்கும் சத்திரசிகிச்சையில் என் தெரிவு

உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்காகத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சென்றபோது, வைத்தியர் என் முன் வைத்த தெரிவுகள் இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 வீதம் அகற்றப்பட்டு, எஞ்சியது ஒடுங்கிய குழாயாகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் அதனோடு குறைகிறது. பைபாஸில் இரைப்பை அகற்றப்படுவதில்லை. அதன் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலுடன் நேரடியாகத் தொடுத்துவிடுகிறார்கள்.

ஸ்லீவ் ஒப்பீட்டளவில் எளிமையானது. ஆயினும் அது நெஞ்செரிவைக் கூட்டக்கூடும். எனக்கோ நெஞ்செரிவும் நீரிழிவும் சேர்ந்தே இருந்தன. இவ்விரண்டுக்கும் பைபாஸே பொதுவாகக் கூடிய பலன் தருவதால் அதனைத் தெரிந்தெடுத்தேன்; அது சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

அதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. விற்றமின் பீ12, இரும்பு, கல்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் சத்து மாத்திரைகள் தேவைதான், ஆனால் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு பைபாஸில் அதிகம். மூட்டுவலிக்கு இபுபுரோபன் போன்ற மாத்திரைகளை நினைத்தபடி விழுங்க முடியாது, ஏனெனில் குடலைத் தொடுத்த இடத்தில் புண் உண்டாகலாம். இனிப்பு விரைந்து குடலில் இறங்கினால் வியர்வையும் படபடப்பும் வருவதால், தைப்பொங்கலன்றும் சர்க்கரைப் பொங்கலை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். சந்தையில் வாங்கிய பாரை மீனை நன்றாக மென்று முடித்த பிறகே இடியப்பத்தைத் தொடுகிறேன். தேநீர் அரைமணி நேரம் கழித்துத்தான்.

நீரிழிவோ நெஞ்செரிவோ இல்லாதவர், அதிலும் சத்துக் குறைபாட்டைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைகளுக்குத் தவறாது செல்ல இயலாதவர், ஸ்லீவைப் பற்றியே முதலில் தம் வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்பேன்.