பழைய ஐ5, ஐ7 கணினிக்கு எது: விண்டோஸ் 10, விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்டெல் நான்காம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறை வரை பிராசஸர் உள்ள கணினி வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். எஸ்எஸ்டி போட்டால் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும் இயந்திரங்கள் அவை. ஆனால் விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை.

விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் யாரிடமும் இருக்கும். இடிப்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கும் பிராசஸர்களின் பட்டியலும்தான். இன்டெலில் ஓரிரு விதிவிலக்கு போக எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் அனுமதி. இந்தக் கோடு வேகத்தை வைத்துப் போட்டதல்ல. நாலு கோர், எட்டு த்ரெட் உள்ள ஐ7-7700 பட்டியலில் இல்லை. அதே 2017-இல் வந்த, இரண்டே கோர் உள்ள செலரான் என்4000 இருக்கிறது! பாதுகாப்பும் நிலைத்தன்மையும்தான் காரணம் என்கிறது மைக்ரோசாஃப்ட். தகுதி பெறாத கணினிகளில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிராஷ் ஆவது 52 சதவீதம் அதிகம் என்று 2021-இல் ஒரு கணக்கும் சொன்னது. அது எல்லாப் பழைய கணினிகளையும் ஒன்றாகச் சேர்த்த கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஐ7-7700-ஐப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எட்டாம் தலைமுறை வைத்திருந்தும் 'தகுதியில்லை' என்று வந்தால் பதற வேண்டாம். அசெம்பிள் செய்த பல கணினிகளில் டிபிஎம் பயாஸுக்குள் (கணினியை ஆன் செய்ததும் நுழையக்கூடிய அமைப்புத் திரை) அணைந்தே கிடக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருப்பதை ஆன் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பூட் பென் டிரைவ் உருவாக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றலாமே என்பார்கள். ஏற்றலாம், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது எஸ்எஸ்இ4.2 என்ற பிராசஸர் வசதி இல்லாத கோர் 2 டியோ இயந்திரங்கள் பூட் ஆகாமலே போயின. சொந்தக் கணினியில் விளையாடிப் பார்க்கலாம். அப்பாவின் கணினியிலோ கடைக் கணினியிலோ நான் செய்ய மாட்டேன்.

விண்டோஸ் 10-லேயே இருக்க விரும்பினால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது. வீட்டுப் பயனர்களுக்கு அறிவிக்கப்பட்ட கெடு 2026 அக்டோபர் 13. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் காசில்லை. இல்லாவிட்டால் 30 டாலர். டிரைவர் தொல்லை எதுவும் இல்லாத வழி இதுதான், ஆனால் கொஞ்ச கால அவகாசம் மட்டுமே.

அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். அதன் 22-ஆம் பதிப்பு உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு. டிபிஎம் பற்றிக் கேட்காது, பிராசஸர் 64-பிட்டாக இருந்தால் போதும். 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பை எடுங்கள். இன்டெல் கிராஃபிக்ஸும் இன்டெல் வைஃபையும் உள்ள லேப்டாப்பில் பொதுவாக எதையும் தேடி நிறுவ வேண்டியிருக்காது. பிராட்காம் வைஃபை சிப் என்றால் டிரைவரைத் தனியாக இறக்க வேண்டிவரும். அதற்கு இணையம் வேண்டும், வைஃபையோ வேலை செய்யாது. போனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கில் போட்டுச் சமாளிக்கலாம். மிகப் பழைய என்விடியா கார்டுகளுக்குப் புதிய கெர்னலில் அந்த நிறுவனத்தின் டிரைவர் கிடையாது, லினக்ஸோடு வரும் நூவோ என்ற திறந்த மூல டிரைவரோடு காலம் தள்ள வேண்டும். கைரேகை சென்சாரைப் பல மாடல்களில் மறந்துவிடுங்கள். எதுவானாலும் பென் டிரைவிலிருந்து லைவாக (நிறுவாமலேயே) ஓட்டி, வைஃபை, ஒலி, ஸ்லீப் மூன்றையும் பார்த்தபிறகு நிறுவுங்கள்.

என் தேர்வு: பிரவுசர், யூடியூப், கடிதம் தட்டச்சு என்று இருக்கும் வீட்டுக்கு மின்ட்தான். தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகக் கிடைக்கிறது. டேலி ஓட்டும் கடைக்கு அது சரிவராது, டேலி விண்டோஸுக்கென்றே வருவது. பிரிண்டரையும் பாருங்கள். ஹெச்பி மாடல்கள் பெரும்பாலும் எச்பிலிப் என்ற ஹெச்பியின் லினக்ஸ் டிரைவர் வழியாக மின்ட்டில் ஒழுங்காக வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைகளில் சாதாரணமாகப் பார்க்கும் கேனான் எல்பிபி 2900-க்கு கேப்ட் என்ற கேனானின் தனி டிரைவர் வேண்டும், லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும்பாடு. அந்த பிரிண்டர்தான் சோறு போடுகிறது என்றால் இப்போதைக்கு விண்டோஸ் 10-லேயே இருந்துவிட்டு, கெடு முடிவதற்குள் பழைய சந்தையில் ஓர் எட்டாம் தலைமுறை கணினியைத் தேடிப் பிடிப்பது மேல்.