டிரைவர் அப்டேட்: விண்டோஸ் வழியாகவா, தயாரிப்பாளர் தளத்திலிருந்தா?

விண்டோஸ் திடீரென முடங்கும்போது வரும் நீலத்திரையில் ‘சிஸ்’ (.sys) என்று முடியும் ஒரு கோப்பின் பெயர் தெரிந்தால், முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான், அதாவது கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள் மேல். அதைப் புதுப்பிக்க இரண்டு வழி.

விண்டோஸ் அப்டேட் சுலபம். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியைத் திறந்து, வேண்டிய டிரைவரை டிக் செய்து இறக்கலாம். வைஃபை, பிரின்டர், புளூடூத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் கதை வேறு. வீடியோ எடிட்டிங் நடுவே திரை ஒரு நொடி கறுத்து, திரும்பி வந்து, அப்புறம் மொத்தமாக உறைந்துபோகிறதா? தயாரிப்பாளர் தளத்துக்கே போங்கள். புதிய பதிப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும். நிறுவும்போது ‘கிளீன் இன்ஸ்டால்’ இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், பழைய செட்டிங்ஸ் ஒட்டிக்கொண்டிருக்காது. லேப்டாப்பா? சிப் செய்தவரைவிட லேப்டாப் செய்தவரின் தளத்தை முதலில் பாருங்கள். உங்கள் மாடலுக்கென்று சரிசெய்த டிரைவர் அங்கே இருக்கும்.

கணினியின் பாகங்களையும் டிரைவர்களையும் காட்டும் டிவைஸ் மேனேஜரில் 21-6-2006 என்ற தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம். விண்டோஸுடனேயே வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே இட்ட தேதி அது. பதிப்பு எண்ணைப் பாருங்கள். புதியது போட்டபின் இன்னும் மோசமானால், அதே இடத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன் இருக்கிறது.