அசதிக்கு ஊசி, ட்ரிப், டானிக்: பணம் கட்டுமுன் படியுங்கள்

"எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு" என்று போனால், ரத்தம் எடுக்காமலே பி12 ஊசி, மஞ்சள் ட்ரிப், டானிக் எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் பில் போடும் கிளினிக்குகள் இருக்கின்றன. ஏமாந்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: இரண்டு நாள் தெம்பு, அப்புறம் பழையபடி.

ட்ரிப்பின் மஞ்சள் நிறம் பி2 வைட்டமினுடையது. உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் சிறுநீரில் போய்விடும். ஊசிதான் பெரிய வில்லங்கம். போட்ட பிறகு பி12 அளவு பார்த்தால் எகிறித்தான் காட்டும். முன்பு குறை இருந்ததா என்று சொல்வது கஷ்டம். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை: சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின்), ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது), பி12, டிஎஸ்எச் (தைராய்டு), சர்க்கரை. "ஃபுல் பாடி செக்கப்" பேக்கேஜில் பல நேரம் ஃபெரிட்டின் இருக்காது, சீரம் அயர்ன் (அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடும் இரும்பு) மட்டும் இருக்கும். அது ஒரே நாளில் ஏறி இறங்கும், நம்ப முடியாது. ஹீமோகுளோபின் 12.5 இருந்தாலும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் இரும்புக் கையிருப்பு காலி என்றே எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும்.

டானிக் லேபிளில் இன்னொரு வித்தை. "ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 160 மி.கி." என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது உப்பின் எடை. அதில் இரும்பு ஐந்தில் ஒரு பங்குதான். ஃபெர்ரஸ் ஃபூமரேட் என்ற இன்னொரு இரும்பு உப்பில் மூன்றில் ஒரு பங்கு. "எலிமென்டல் அயர்ன்", அதாவது உப்பு போக நிஜ இரும்பு, எவ்வளவு என்ற பொடி எழுத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால் வாங்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலேயே 60 மி.கி. இரும்பு இருக்கிறது. அதையும் டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு விழுங்கினால் உடம்பில் ஒட்டுவது வெகுவாகக் குறையும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் கையிருப்பு நிரம்பும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் வழக்கமாக வாரம் ஒன்று. சீட்டில் கிறுக்கியதைக் கடைக்காரர் "தினம் ஒன்று" என்று கவரில் எழுதிக் கொடுத்தால், சில வாரங்களில் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். கவரை வீட்டுக்கு வந்து பார்க்காதீர்கள், கடையிலேயே சீட்டோடு ஒப்பிடுங்கள்.

ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்புக் குறை வந்தால் மாத்திரையோடு விடக்கூடாது. குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை தொடங்கினால் மலம் கறுக்கும், அது சகஜம். தொடங்கும் முன்பே கறுத்திருந்தால் உடனே மருத்துவமனை.

பில் தர மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.