ஓமுலா, கொலோமியாங்காவா: எது பைக்காலின் மீன்?

சைபீரியாவின் பைக்கால் ஏரி என்றதும் விவரம் தெரிந்தவர்கள் ஓமுல் மீனைத்தான் சொல்வார்கள். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளிநிற மீன் அது. கரையோர லிஸ்ட்வியாங்கா சந்தையில் அதை வயிறு பிளந்து, குச்சி செருகி விரித்து, புகைபோட்டு விற்கிறார்கள். ருசியில் அதற்குப் போட்டியே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஏரியின் அடையாளமாக ஒரு மீனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சந்தைக்கே வராத கொலோமியாங்காவுக்குத்தான் என் ஓட்டு. செதில் கிடையாது. வெளிறிய இளஞ்சிவப்பு உடல், விசிறிபோல அகன்ற பக்கத் துடுப்புகள். பெரிய வகை ஏறக்குறைய ஒரு சாண் நீளம். வால்பக்கம் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். மிதக்க உதவும் காற்றுப்பை இதற்கு இல்லை. அந்த வேலையைக் கொழுப்பு செய்கிறது. பெரிய வகையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்புதான். அதனால்தான் 1,642 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் அடிமட்டம் வரை இறங்கி வாழ்கிறது, இரவில் மேலேறி இரை தேடுகிறது. ஓமுலால் அந்த ஆழத்துக்குப் போக முடியாது.

இனப்பெருக்கத்தில்தான் இரண்டும் அடியோடு வேறுபடுகின்றன. ஓமுல் இலையுதிர்காலத்தில் செலெங்கா போன்ற ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு ஏறி முட்டையிடும். பாதி வாழ்வு ஆற்றின் தயவில், ஆகவே மனிதர்களின் தயவிலும். கொலோமியாங்கா முட்டையிடுவதில்லை, ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நேரடியாக ஏரி நீரிலேயே ஈன்றுவிடும். ஆறும் வேண்டாம், கரையும் வேண்டாம்.

எண்ணிக்கையிலும் எடையிலும் ஏரியில் முதலிடம் இதற்கே. பைக்காலின் நெர்பா சீல்களுக்கு முக்கிய உணவும் இதுதான். கூட்டமாகத் திரியாமல் பரந்து கிடப்பதால் வலை போட்டுப் பிடித்துக் கட்டுப்படியாகாது. அதுவே இதற்குக் கவசம்.

ஓமுலுக்கு அந்தக் கவசம் இல்லை. பிடித்துப் பிடித்துக் குறைந்துபோனதால், 2017 அக்டோபரில் ரஷ்யா அதன் வணிக மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது. தடை அவசியம்தான், தளர்த்த அவசரப்படக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் 1946க்குப் பிந்தைய 60 ஆண்டுகளில் ஏரியின் மேல்நீர் 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது. இரண்டு மீன்களும் நம்பியிருக்கும் எபிஷுரா என்ற மிகச்சிறிய, இறால் இனத்து மிதவையுயிரி குளிர்நீரில் வளர்வது. அதைக் காக்க மீன்பிடித் தடை போதாது.