மூன்றில் ஒரு பங்கா, நடுமையமா?

பள்ளியின் ஒளிப்பட வகுப்பில் சட்டக அமைப்பைக் கற்கும் மாணவருக்கு முதலில் எழும் ஐயம், பொருளை நடுவில் நிறுத்துவதா, மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் நிறுத்துவதா என்பதுதான். ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797-இல் பெயரிட்டு எழுதிய மூன்றில் ஒரு பங்கு விதியை, இன்று கைப்பேசித் திரையை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரிக்கும் நான்கு கட்டக் கோடுகள் எளிதாக்கிவிட்டன.

காங்கேயம் காளையின் முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும்போது, கண்ணை அக்கோடுகளின் இடப்பக்க மேல் சந்திப்பில் வைத்து, அது நோக்கும் வலப்பக்கத்தை வெற்றிடமாக விட்டால், அடுத்த அடி எடுத்து வைக்கப்போவதுபோல் படம் உயிர்பெறும். நடுவில் வைத்தாலோ, பின்னால் திமில் இடத்தை அடைத்துக்கொள்ள, மூக்கணாங்கயிறு ஓரத்தை நெருங்கிப் பார்வை முட்டி நிற்கும். ஆனால் அதே காளை நேருக்கு நேர் நிற்கையில், இரு கொம்புகளின் வளைவும் ஒத்து அமைய நடுமையமே கம்பீரம் தரும். அங்கே விதியைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஒதுக்குவது எனக்கு உவப்பில்லை. பவானி கூடுதுறையில் நீர் அசையாத காலையில், கோபுரமும் அதன் நிழலும் சமமாகத் தெரிய, நீர்க்கோடு நடுவில்தான் வரவேண்டும்.

எனினும் மூன்றில் ஒரு பங்கையே முதலில் கற்பிக்க வேண்டும் என்பேன். நடுவில் வைப்பது மாணவரின் கைக்குத் தானாகவே வந்துவிடுகிறது.