72 ஆண்டா, 100 ஆண்டா? மூன்று ராமசாமிகளின் கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) மூன்று ராமசாமிகள் இருந்தார்களாம். என் தாத்தா கிணத்தடி ராமசாமி. இன்னொருவர் மாட்டுக்கார ராமசாமி, மூன்றாமவர் கூத்துக்கார ராமசாமி. இந்தப் பட்டப்பெயர்களைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற ஆள்பேர்ப் பதிவேட்டில் எழுதவில்லை. வேறு எந்தத் தாளிலும் அவை ஏறவில்லை. இன்று அவற்றைச் சொல்லக்கூடியவர் பெரியம்மா ஒருவர்தான். 1947-இல் கணக்கெடுப்புக்காகத் தலை எண்ணியபோது அவருக்கு ஆறு வயது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை எத்தனை ஆண்டு பூட்டி வைக்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

பிரிட்டனில் 100 ஆண்டு. இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இணையத்தில் ஒரு பக்கத்தின் படத்தைப் பார்க்கத் தொடக்கத்தில் மூன்றரை பவுண்டு வாங்கினார்கள். அடுத்து வரவேண்டிய 1931 தாள்கள் 1942-இலேயே தீயில் போய்விட்டன. 1941-இல் போர், எண்ணவே இல்லை. ஆக, பேரப்பிள்ளைகள் இனி 1951 தாள்களுக்காக 2052 வரை காத்திருக்க வேண்டும். பூட்டி வைத்த பொருள் பூட்டுக்குள்ளேயே இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தீ ஒரு பதில்.

அவர்களிடமும் ஒரு நல்ல யோசனை உண்டு. 1911 தாள்களை 2009-இலேயே, கெடுவுக்கு முன்பே திறந்தார்கள். உடற்குறை, மனநோய் பற்றிய பத்தியை மட்டும் 2012 வரை மறைத்து வைத்தார்கள். முழு வீட்டையும் பூட்டாமல் ஓர் அறையை மட்டும் பூட்டுவது.

அமெரிக்காவில் 72 ஆண்டு; 1978-இல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று இலவசமாக இணையத்துக்கு வந்தது. கையெழுத்தைக் கணினி படித்துப் பெயர்ப்பட்டியல் போட்டது. தப்பாகப் படித்த பெயரைப் பார்ப்பவர்கள் திருத்த வழி வைத்தார்கள். எனக்கு இதுதான் முக்கியம். அந்தப் பக்கங்களில் இருந்த பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். 'இது எங்கள் வீடு' என்று சொல்ல ஆள் இருந்தது.

கனடா நடுவில் நிற்கிறது: 92 ஆண்டு. 1931 தாள்கள் 2023-இல் வந்தன.

ஆஸ்திரேலியா வேறு கதை. பெயருள்ள படிவங்களை எண்ணி முடித்ததும் அழித்துவிடுவது அங்கே வழக்கம். 2001 முதல் சம்மதம் தந்தவர்களின் தாள்களை மட்டும் 99 ஆண்டுக்குப் பாதுகாக்கிறார்கள். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை அன்றைய தோட்டத்துக்கு வந்திருந்தால்? கைநாட்டு வைக்கும் ஆள், கிராணியோடு வந்து நிற்கும் அதிகாரியிடம் எதற்குச் சம்மதம் சொல்கிறோம் என்று விசாரித்திருப்பாரா? வாய் திறக்காதவனின் பெயர் அழியும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போயிருப்பார்கள்.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டமும் 1965-ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சட்டமும் தனியாள் விவரங்களை இரகசியம் என்கின்றன. குடும்பம் தேடுபவனுக்குக் கிடைப்பது அச்சிட்ட அட்டவணைகள்தாம். மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக 1931-இல் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த இந்தியர், 1947-இல் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியதை அவை காட்டும். குறைந்துபோனவர்கள் யார் யார் என்று காட்டாது.

வெள்ளைக்காரருக்கு 100 ஆண்டு பெரிய நட்டமில்லை. குடும்பப் பெயர் என்ற கயிறு தலைமுறைகளைக் கட்டி வைத்திருக்கிறது, பிடித்துக்கொண்டே போகலாம். நமக்கு அப்பா பெயர்தான் பின்னால் வரும், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். முனியாண்டி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முனியாண்டி. போதாததற்குக் கிராணியின் காதில் விழுந்த எழுத்து வேறு. ஆளை அறிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் திறந்த தாளும் பூட்டிய தாள்தான். 1947-க்கு 72 கூட்டினால் 2019. 100 கூட்டினால் 2047. அப்போது பெரியம்மாவுக்கு 106 வயது. அதனால் என் ஓட்டு 72-க்கு, பிரிட்டன் மறைத்ததுபோல் ஓரிரு பத்திகளை மறைத்துக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் நல்லது.

பெரியம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "தாத்தா ஊர்ல ஒரு கல்யாணம் பண்ணிட்டுத்தான் கப்பலேறுனாருன்னு ஒரு பேச்சு உண்டு. அதப் பேப்பர்ல படிச்சு உனக்கு என்ன தம்பி ஆகப்போகுது?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த ஊர் எது என்றாவது தெரியுமே என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதைக்கு நானே ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறேன். பள்ளிக்கூட நோட்டில் லயத்தை வரைந்து, ஒவ்வொரு கதவுக்கும் யார், என்ன பட்டப்பெயர் என்று பெரியம்மாவைக் கேட்டு எழுதுகிறேன். போன ஞாயிறு ஏழாவது கதவுக்கு வந்தோம்.

"அது ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் போடப் போனவங்க வீடு. எங்கம்மா அப்படித்தான் சொல்லும்."

"பேரு?"

"பேரு சொல்லாது. அந்த வீட்டப் பத்திப் பேசுனாலே அழும்."